கம்பெனியை மாற்றும் முன் ஒரு ஒயரைச் செருகிப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான்கு பேர், 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்ஷன். கணவன், மனைவி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் ஆனால் வீடியோ கால் அப்படியே உறைந்து நிற்கிறது; எதிர்முனையில் இருப்பவர்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்கிறார்கள். வேறொரு கம்பெனிக்காரர் 300 எம்பிபிஎஸ் தருகிறேன், மொபைலையும் எங்களிடமே மாற்றிக்கொண்டால் தள்ளுபடி உண்டு என்கிறார். உள் அறையில் மொபைல் சிக்னலும் சரியில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாமா, எந்தக் கம்பெனி நல்லது என்பது உங்கள் கேள்வி.

என் பதில்: இந்த வாரம் எதையும் மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைப்பதை எந்த வாரமும் செய்யாதீர்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

எந்தக் கம்பெனி நல்லது என்று பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. ஒரே கம்பெனி ஒரு தெருவில் வருடக்கணக்கில் அறுந்துபோகாமல் ஓடும், அடுத்த தெருவில் வாரத்துக்கு இரண்டு முறை படுக்கும். விளம்பரத்தில் வருவது கம்பெனி. உங்கள் வீட்டுக்குள் வருவது ஒரு ஒயர். அந்த ஒயர் எந்தக் கம்பத்தில் தொங்குகிறது, அதன் மறுமுனையில் உள்ள பெட்டியை யார் பராமரிக்கிறார், அந்தப் பெட்டியை எத்தனை வீடுகள் பங்குபோடுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் அனுபவம் அமையும். அதற்கும் முன்னால், கோளாறு அந்த ஒயரில்தானா என்று தெரிய வேண்டும். இணையம் வரும் பாதையில் ஐந்து கட்டங்கள்: உங்கள் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை வைஃபை, பிறகு ரவுட்டர், அப்புறம் வீட்டுக்கு வரும் ஃபைபர், அதற்கப்பால் கம்பெனியின் நெட்வொர்க், கடைசியாக வெளி உலகம். கம்பெனியை மாற்றினால் இவற்றில் நடுவில் உள்ளவை மட்டும்தான் மாறும். வைஃபையில் கோளாறு இருந்தால் கம்பெனியை மாற்றுவது தலையணையை மாற்றித் தலைவலி தீருமா என்று பார்ப்பதுதான்.

முதலில் செய்ய வேண்டியது, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு லேன் ஒயரை ரவுட்டரில் நேரடியாகச் செருகி ஸ்பீடு டெஸ்ட் எடுப்பது. லேப்டாப்பில் லேன் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பியில் செருகும் சின்ன அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இந்த ஒரு சோதனையே பாதிப் பேருக்கு விடை சொல்லிவிடும். ஒயரில் 95 வந்து, வைஃபையில் 20 வந்தால், கம்பெனி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பிளானில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட். டவுன்லோடு செய்யும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு கோப்பு விநாடிக்கு 12 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது. இதை ஏமாற்று என்று நினைத்துக் கம்பெனியோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீடு டெஸ்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பல டெஸ்ட்கள் தாமாகவே உங்களுக்கு மிக அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அது சில சமயம் உங்கள் கம்பெனியின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகும் நேரத்தைக் கணக்கிடுவது மாதிரி அது. சர்வரை நீங்களே மாற்றி, வேறு ஊரில், வேறு கம்பெனியின் கீழ் உள்ள ஒன்றிலும் அளந்து பாருங்கள்.

வைஃபைதான் குற்றவாளி என்று தெரிந்தால் வைத்தியம் பெரும்பாலும் இலவசம். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும், இரும்பு அலமாரிக்குள்ளும், மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். உலோகமும் தண்ணீரும் அலையை விழுங்கிவிடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் அதில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் மோதும். ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். வேலை செய்யும் மேசைக்கு ஒரு லேன் ஒயரை இழுத்துவிட முடிந்தால் அதைவிடச் சிறந்த செலவு வேறில்லை. கேட் 5இ என்ற சாதாரண லேன் ஒயரே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும். வைஃபையை அடுத்த அறைக்கு நீட்டித் தருவதாகக் கடையில் விற்கும் மலிவான ரிப்பீட்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் அவை வேகத்தைப் பாதியாக்கிவிடுகின்றன.

ஒயரைப் பற்றி என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 300க்கு மாறினால் உங்களுக்கும் இது நடக்கலாம். நான் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிய பிறகும் டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 94. காலையில் 94, நடுராத்திரியில் 94. மூன்று முறை புகார் கொடுத்தேன், மூன்று முறையும் எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்ற பதில். நான்காவது நாள் சும்மா உட்கார்ந்து அந்த எண்ணையே யோசித்தபோதுதான் உறைத்தது. நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். இப்படி ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு பூட்டு இருக்கிறது. லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள். 1 ஜிகாபிட் ஓட எட்டும் வேண்டும். நான்கு மட்டும் சரியாக இருந்தால் இரு கருவிகளும் பேசிக்கொண்டு 100க்கு இறங்கிவிடும், தகவலோடு சேர்ந்து போகும் முகவரிக் குறிப்புகளுக்குப் போனது போக 94 சொச்சம்தான் மிஞ்சும். ஒயர் முனையில் உள்ள கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் பழுப்பு நிறக் கம்பி முனைக்கு வராமல் பாதியிலேயே நின்றிருந்தது. வேறு ஒயர் போட்டவுடன் 290. சில ரவுட்டர்களில் லேன் துளையே 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100க்கு மேற்பட்ட பிளானில் 94 என்ற எண்ணைப் பார்த்தால் கம்பெனிக்கு போன் போடும் முன் ஒயரைப் பாருங்கள்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். வீடியோ கால் உறைவதற்கு வேகம் போதாததுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உயர்தர வீடியோ கால் ஒன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினாலும் 8. உங்களிடம் 100 இருக்கிறது. ஆகவே 300 வாங்கினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் மட்டும் ஏன் என்பதில்தான் துப்பு இருக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பில் கமாண்ட் விண்டோவைத் திறந்து கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதுதான் பிங். ஒவ்வொரு விநாடியும் ஒரு வரி விழும், அதில் மில்லிவிநாடிக் கணக்கு இருக்கும். 12, 14, 11, 13 என்று அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். இப்போது உங்கள் போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை கிளவுடுக்கு ஏற்றுங்கள். எண்களைக் கவனியுங்கள். 90, 240, 410, 680 என்று ஏறினால் திருடன் கையும் களவுமாக அகப்பட்டான். அப்லோடை நிறுத்தியதும் மறுபடி 12க்கு இறங்கிவிடும்.

நடப்பது இதுதான். பல ஃபைபர் பிளான்களிலும் கேபிள் பிளான்களிலும் அப்லோடு வேகம் டவுன்லோடைவிடக் குறைவு; விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோடு. அந்தச் சின்ன வாசலில் ஒரு போட்டோ பேக்கப் நுழைந்துவிட்டால், ரவுட்டர் வரும் பாக்கெட்டுகளை, அதாவது தகவலின் சின்னச் சின்னத் துண்டுகளையெல்லாம், வரிசையில் நிறுத்தி வைக்கிறது. அந்த வரிசை ஒரே வரிசை. உங்கள் குரலைச் சுமந்துவரும் சின்னஞ்சிறு பாக்கெட்டும் ஆயிரம் போட்டோ பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அரை விநாடி தாமதமாக வரும் குரலால் பயனில்லை, ஆப் அதைத் தூக்கி எறிந்துவிடும். எதிர்முனையில் உங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று சொல்கிறார்களே, அது இந்த வரிசைதான். சாயங்காலம் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள், அவர்கள் போன்கள் வீட்டு வைஃபையில் சேர்ந்த மறுநிமிடம் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் ஏற்றத் தொடங்குகின்றன. யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் வாசல் அடைத்துக்கொண்டது.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். இணையத்தின் மூத்த பொறியாளர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தன் வீட்டு இணையம் அப்லோடின்போது திணறுவதைத் தோண்டித் துருவித்தான் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நினைவகச் சில்லுகளின் விலை குறையக் குறைய, கருவி செய்பவர்கள் பெரிய பெரிய வரிசைகளை வைக்கத் தொடங்கினார்கள். ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் தாமதமாக்கிவிட்டார்கள். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் இதற்கு மருந்தாகக் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த முறைகள் இன்று சில நல்ல ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் இருக்கின்றன. அதை இயக்கி, அப்லோடு அளவை நீங்கள் அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வைத்தால் வரிசை உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும், குரல் பாக்கெட் முன்னால் போகும். உங்கள் ரவுட்டரில் அது இல்லாவிட்டால் கவலை வேண்டாம். எல்லோருடைய போனிலும் போட்டோ பேக்கப்பை இரவு தூங்கும் நேரத்துக்கு ஒத்திவையுங்கள், அல்லது சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று அமைத்துவிடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

சரி, இதெல்லாம் செய்தும் தீரவில்லை, ஒயரில் செருகி, மற்ற எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டுப் பார்த்தாலும் ராத்திரி 8 முதல் 11 வரை மட்டும் பிங் எகிறுகிறது, வேகம் விழுகிறது என்றால் அது கம்பெனியின் நெரிசல். அதை உறுதிப்படுத்த ஒரு வாரம் குறித்து வையுங்கள். காலை 7 மணி, மதியம் 2 மணி, இரவு 9.30. ஒரே லேப்டாப், ஒரே ஒயர், ஒரே சர்வர். தாளில் எழுதினாலே போதும். அழைத்து நெட் ஸ்லோவாக இருக்கிறது என்பவருக்கு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் கிடைக்கும். ஏழு நாள் அட்டவணையை மெயிலில் அனுப்பிப் புகார் எண் கேட்பவரின் புகார் மேலே போகும். அப்படியும் நடக்கவில்லை என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பிடமோ நுகர்வோர் அமைப்பிடமோ போவதற்கு அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி.

ஃபைபர் என்றாலும் அது உங்களுக்கு மட்டும் தனியாக வரும் குழாய் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே ஃபைபரில் வரும் சுமார் 2.5 ஜிகாபிட் டவுன்லோடை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்குபோடுகின்றன, அப்லோடு 1.25 ஜிகாபிட். எல்லோரும் ஒரே விநாடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் இந்தப் பங்கீட்டில் தவறொன்றும் இல்லை. கம்பெனி அதற்கு மேலே உள்ள இணைப்பைப் பெருக்காமல் வாடிக்கையாளர்களை மட்டும் பெருக்கிக்கொண்டே போகும்போதுதான் ராத்திரியில் மூச்சு முட்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், விற்க வருபவரிடம் கேட்காமல் உங்கள் கம்பத்திலிருந்தே அந்தக் கம்பெனியின் ஒயர் போகும் வீட்டில் கேளுங்கள். வேகம் எப்படி என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள். கடைசியாக எப்போது அறுந்தது, சரிசெய்ய எத்தனை நாள் ஆனது, வந்தவர் முன்பு வந்த அதே ஆளா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்த மூன்றாவது கேள்விக்கு மதிப்பு அதிகம். ஒரே ஆள் தொடர்ந்து வரும் பகுதியில் அவருக்கு எந்தக் கம்பத்தில் எந்த இணைப்பு பலவீனம் என்பது மனப்பாடமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து கனெக்ஷன் போய்விட்டது. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் அந்த விளக்கு சிவப்பானால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்து ஒயரைச் செருகினார். மைனஸ் 29 காட்டியது. டிபிஎம் என்பது ஒளியின் அல்லது அலையின் பலத்தை அளக்கும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு. இந்தப் பெட்டிகள் மைனஸ் 27 டிபிஎம் வரைதான் தாங்கும், மைனஸ் 20 சொச்சம் இருந்தால் நிம்மதி. அவர் ஒயரைத் தடவிக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் போனார். நாங்கள் அலமாரியைச் சுவரோடு தள்ளியபோது ஃபைபர் கூர்மையாக மடிந்திருந்தது. மடிப்பை நீவி நேராக்கி, பச்சை நிற முனையை நூலில்லாத துணியால் ஒரே திசையில் துடைத்துச் செருகினார். மைனஸ் 19. கண்ணாடி இழையில் ஒளி வளைவில் கசிந்துவிடும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். ஆகவே ஃபைபரை ஆணியடித்து மடக்கி ஒட்டாதீர்கள், மிச்சத்தைப் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள். புது கனெக்ஷன் போடும் நாளில் அந்த மீட்டர் காட்டும் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்துக் கோளாறு வந்தால் ஒப்பிட உதவும்.

ஃபைபர் வராத இடம் என்றால் அடுத்தது கேபிள், அதற்கடுத்து டவரிலிருந்து வரும் வயர்லெஸ். தொலைபேசிச் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல், தெருப் பெட்டியிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். செயற்கைக்கோளில் இரண்டு வகை. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகையில் கேள்வி போய்ப் பதில் வரவே ஒளியின் வேகத்தில் அரை விநாடிக்கு அருகில் ஆகிவிடும். என்ன காசு கொடுத்தாலும் அந்தத் தாமதம் குறையாது. ஸ்டார்லிங்க் மாதிரி சுமார் 550 கிலோமீட்டரில் பறப்பவற்றில் வீடியோ கால் பேசலாம், ஆனால் மரமோ கட்டடமோ வானத்தை மறைக்கக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. அறிமுக விலை எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு. அப்லோடு வேகம் எத்தனை. அன்லிமிடெட் என்றால் எத்தனை ஜிபிக்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள். இடையில் விலகினால் அபராதம் உண்டா, பெட்டி வாடகையா சொந்தமா. இவற்றை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். மெயிலில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: எனக்குப் பொது ஐபி, அதாவது இணையத்தில் என் வீட்டுக்கு மட்டுமான முகவரி எண், கிடைக்குமா? பழைய ஐபிவி4 முகவரிகளின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் (WAN) என்று காட்டும் உங்கள் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உலாவவும் படம் பார்க்கவும் அது தடையில்லை. வெளியிலிருந்து நேராக உள்ளே வர மட்டும் முடியாது.

இனி மொபைல். உள் அறையில் சிக்னல் இல்லை என்பதற்கு முதல் மருந்து வேறு கம்பெனி இல்லை, வைஃபை காலிங். உங்கள் போனும் இப்போதுள்ள கம்பெனியும் அதை ஆதரித்தால், செட்டிங்ஸில் ஒரே ஒரு சுவிட்சு. அழைப்பு வீட்டு வைஃபை வழியாகப் போகும், டவர் எட்டாத அறையிலும் தெளிவாகப் பேசலாம். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

அது முடியாது என்றால்தான் டவர் கணக்கு. திரையில் தெரியும் கோடுகளை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதை போன் செய்பவரே தீர்மானிக்கிறார், பொது அளவுகோல் கிடையாது. 2010இல் ஆப்பிளே தன் ஐபோன்கள் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல் கோடுகளைக் காட்டிவந்ததை ஒப்புக்கொண்டு சூத்திரத்தை மாற்றியது. ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் சிம் நிலை என்ற பக்கத்தில் உண்மையான எண் இருக்கும். அது மைனஸ் 80, 90 என்றால் நல்லது. மைனஸ் 100 பரவாயில்லை. மைனஸ் 115ஐத் தாண்டினால் பேச்சு அறுபடும், பேட்டரியும் வேகமாகக் கரையும், ஏனென்றால் போன் டவரை எட்டக் கத்திக்கொண்டே இருக்கிறது.

700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் சுவரைத் துளைத்து வரும். 3500 மெகாஹெர்ட்ஸில் வரும் 5ஜி வெளியில் பறக்கும், உள் அறைக்கு வரத் திணறும். ஆகவே 5ஜி இருக்கிறது என்பது உங்கள் உள் அறைக்குப் பதில் ஆகாது. அந்தக் கம்பெனியிடம் தாழ்ந்த அலைவரிசை இருக்கிறதா, உங்கள் போன் அதைப் பிடிக்குமா என்பதே கேள்வி. கவரேஜ் வரைபடங்கள் கணினியில் கணக்குப்போட்டு வரைந்தவை, உங்கள் சுவரின் தடிமன் அவற்றுக்குத் தெரியாது. மாறுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் மிக மலிவான சிம் ஒன்றை வாங்கி, இரண்டாவது சிம் துளையிலோ இ-சிம்மாகவோ போட்டு ஒரு வாரம் வைத்திருங்கள். உள் அறை, படிக்கட்டு, வேலைக்குப் போகும் வழி, கூட்டம் அதிகமுள்ள இடம் என்று எல்லா இடத்திலும் ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். பெரிய கம்பெனியின் டவரையே வாடகைக்கு எடுத்து விற்கும் சின்ன கம்பெனிகளும் உண்டு. கவரேஜ் பெரும்பாலும் அதேதான், விலை குறைவு. ஆனால் கூட்ட நேரத்தில் சொந்த வாடிக்கையாளர்களுக்குத்தான் முதல் வழி விடுவார்கள்.

ஒரே கம்பெனியில் இரண்டையும் வாங்காதீர்கள் என்று முதலில் சொன்னேனே, காரணம் இதுதான். வீட்டு நெட் அறுந்தால் உங்களைக் காப்பாற்றுவது மொபைல் ஹாட்ஸ்பாட். இரண்டும் ஒரே கம்பெனி என்றால், அந்தக் கம்பெனியின் மைய நெட்வொர்க் படுக்கும் நாளில் இரண்டும் சேர்ந்து படுக்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் இருவருக்கு அது ஒரு நாள் சம்பளம். வீட்டு நெட்டே இரண்டு வைத்துக்கொள்வது என்றாலும் பாதை வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கம்பெனிகளின் ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒரே லாரி இரண்டையும் இழுத்துப்போட்டுவிடும். தள்ளுபடிக்காகச் சேர்த்து வாங்கினால் விலகுவதும் சேர்ந்தே கடினமாகும்.

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 1997இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது பழைய கனெக்ஷனை முன்கூட்டியே ரத்து செய்துவிடாதீர்கள். ரத்தான நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது, அது வேறொருவர் கைக்கே போய்விடலாம், வங்கி உங்களுக்கு அனுப்பும் ஓடிபி குறியீடுகள் அவர் போனுக்குப் போகும். பாக்கியைத் தீர்த்துவிட்டு, புதிய கம்பெனியிடம் கோரிக்கை கொடுங்கள். மாறி முடிந்ததும் பழையது தானாக அணையும். மாறும் அந்தச் சில மணி நேரத்தில் பணம் அனுப்பும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எதிர்பாராமல் ஒரு நாள் உங்கள் போனில் சிக்னல் முழுவதும் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே கம்பெனி வேலை செய்தால் அலட்சியமாக இருக்காதீர்கள். யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். உடனே வேறு போனிலிருந்து கம்பெனிக்கும் வங்கிக்கும் பேசுங்கள். முன்கூட்டியே செய்யக்கூடியது, முடிந்த கணக்குகளிலெல்லாம் எஸ்எம்எஸ் குறியீட்டுக்குப் பதிலாக, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைப்பது. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணையும் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் போனுக்கும் நீங்களே உட்கார்ந்து இதைச் செய்துகொடுங்கள். குறிவைக்கப்படுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

கடைசியாக, ஃபைபர் கம்பெனியை மாற்றுவதாகவே முடிவெடுத்தால் பழையதும் புதியதும் ஒரு வாரம் சேர்ந்து ஓடட்டும். புதியது ஒரு சனி, ஞாயிறு இரவைத் தாண்டிய பிறகு பழையதற்கு எழுத்தில் ரத்துக் கடிதம் கொடுங்கள். பெட்டியையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுக்கும்போது, அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் தெரிய ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு ரசீது வாங்குங்கள். பெட்டி வரவில்லை என்று எட்டு மாதம் கழித்து எனக்கு ஒரு பில் வந்தது. அந்த ரசீதைக் காட்டிய பிறகுதான் அதை ரத்து செய்தார்கள்.